சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரலுக்கு: புதிய கணினியில் சாளரங்களும் ஷார்ட்கட்களும்

விண்டோஸில் பல வருடம் ஓடிய கை, காப்பி செய்ய வேண்டும் என்று மனம் நினைத்து முடிப்பதற்குள் இடது சுண்டுவிரலைக் கீழ் மூலைக்கு அனுப்பிவிடும். மேக் லேப்டாப்பில் அந்த மூலையில் இருப்பது எஃப்என் விசை. அதற்குப் பக்கத்தில் கண்ட்ரோல். இரண்டுமே காப்பி செய்யாது. காப்பி செய்கிற கமாண்ட் விசை ஸ்பேஸ்பாரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அதை அழுத்த வேண்டியது கட்டைவிரல். நாள் முழுக்க இந்த ஒரு விரல் மாற்றமே ஆளைப் படுத்திவிடும். நிதானமாகச் செய்யும்போது சரியாக வரும். அவசரம் என்றால் பழைய விரல் முந்திக்கொள்ளும்.

இந்த எரிச்சலைத் தீர்க்க மாறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். ஐம்பது ஷார்ட்கட் அடங்கிய பட்டியலை பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுவது ஒரு வழி. எல்லா விசைகளையும் பழைய கணினி மாதிரியே மாற்றி அமைத்துக்கொள்வது இன்னொரு வழி. பட்டியல் மூன்றாம் நாளே கண்ணில் படாமல் போய்விடும். மாற்றி அமைப்பது வேறு சிக்கல்களைக் கொண்டுவரும்; அதைப் பிறகு சொல்கிறேன். என்னைக் கேட்டால், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கணினி ஒரு சாளரத்தை யாருடைய பொருளாகப் பார்க்கிறது என்பதைத்தான். அது பிடிபட்டால் பாதி ஷார்ட்கட்களை ஊகத்திலேயே சொல்லிவிடலாம்.

சாளரம் யாருக்குச் சொந்தம்

விண்டோஸில் ஒவ்வொரு சாளரமும் தனி ஆள். பிரவுசரில் மூன்று சாளரம் திறந்திருந்தால் ஆல்ட் + டேப் பட்டியலில் மூன்றும் தனித்தனியாக நிற்கும். மெனு அந்தந்தச் சாளரத்துக்குள்ளேயே இருக்கும். கடைசிச் சாளரத்தை மூடினால் பெரும்பாலான செயலிகள் அதோடு முடிந்துவிடும்.

மேக்கில் சொந்தக்காரர் செயலி. சாளரங்கள் அதன் கையில் இருக்கும் தாள்கள். அதனால்தான் மெனு திரையின் உச்சியில் ஒரே இடத்தில் இருக்கிறது. எந்தச் செயலி முன்னால் இருக்கிறதோ அதன் மெனு அங்கே வரும். கமாண்ட் + டேப் செயலிகளுக்கு இடையில் மட்டும் தாவும். பிரவுசருக்குத் தாவினால் அதன் மூன்று சாளரங்களும் சேர்ந்து முன்னால் வரும். அந்த மூன்றுக்குள் மாற, கமாண்டைப் பிடித்தபடி டேப்புக்கு மேலே, எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கிற விசையை அழுத்த வேண்டும். சில நாட்டுக் கீபோர்டுகளில் அந்த விசை வேறு இடத்தில் இருக்கும். அப்போது கீபோர்டு ஷார்ட்கட் செட்டிங்கில் ‘அடுத்த சாளரத்துக்குப் போ’ என்ற பொருளில் இருக்கும் வரியைத் தேடி, கைக்கு வசதியான வேறொரு விசைக் கூட்டை வைத்துக்கொள்ளலாம். விண்டோஸிலிருந்து வருகிறவர் முதல் நாளே கற்க வேண்டிய ஒரே ஒரு ஷார்ட்கட்டைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

சிவப்புப் பொத்தானும் இதே கணக்குதான். அது தாளை மூடுகிறது, செயலி ஓடிக்கொண்டே இருக்கும். செயலி ஐகான்கள் வரிசையாக நிற்கும் டாக்கில் ஐகானுக்குக் கீழே தெரியும் சின்னப் புள்ளி அதற்கு அடையாளம். சாளரத்தையோ டேபையோ மூட கமாண்ட் + டபிள்யூ, செயலியையே நிறுத்த கமாண்ட் + க்யூ. கீபோர்டில் க்யூவும் டபிள்யூவும் அடுத்தடுத்து இருப்பதால் ஒரு டேபை மூடப் போய் பிரவுசரையே மூடிவிடுவது சகஜம். குரோமில் செயலியின் பெயரிலேயே உள்ள மெனுவுக்குப் போனால், வெளியேறும் முன் எச்சரிக்கச் சொல்லும் வரி ஒன்று இருக்கிறது. அதை டிக் செய்துவிட்டால் கமாண்ட் + க்யூவைச் சற்று நேரம் பிடித்திருந்தால்தான் செயலி மூடும்.

லினக்ஸில் டெஸ்க்டாப்பைக் காட்டும் சூழல்களில் ஒன்றான க்னோம் இன்னொரு விதமாக யோசிக்கிறது. அதற்குப் பணிமேடைதான், அதாவது சாளரங்களைப் பிரித்து வைக்கும் தனித்தனி டெஸ்க்டாப்தான் முக்கியம். அசல் க்னோமில் சாளரத்தின் மேல்பட்டையில் மூடும் பொத்தான் மட்டும்தான் இருக்கும். சுருக்கும் பொத்தானே கிடையாது. உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்புகள் அதைச் சேர்த்துத் தருகின்றன. ஒரு சாளரம் இடைஞ்சலாக இருக்கிறதா, அதைச் சுருக்காதே, வேறு பணிமேடைக்கு அனுப்பு என்பதுதான் க்னோமின் எண்ணம். விண்டோஸ் விசையை அங்கே சூப்பர் என்பார்கள். அதை ஒருமுறை தட்டினால் திறந்திருக்கும் எல்லாச் சாளரங்களும் சிறிதாகி விரிந்து நிற்கும். அந்த நிலையிலேயே செயலியின் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்கலாம், எங்கும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. ஷிஃப்ட் + சூப்பர் + பேஜ் டவுன் அழுத்தினால் இருக்கும் சாளரம் அடுத்த மேடைக்குப் போய்விடும். 2021-இல் வந்த க்னோம் 40-லிருந்து மேடைகள் பக்கவாட்டில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆல்ட் + டேப் சாளரங்களைக் காட்டாமல் செயலிகளைக் காட்டினால், கீபோர்டு செட்டிங்கில் ‘சாளரங்களை மாற்று’ என்ற வரிக்கு ஆல்ட் + டேப்பைக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் பழக்கம் அப்படியே திரும்பிவிடும்.

காணாமல் போகும் சாளரம்

மேக்கில் புதியவரை அதிகம் குழப்பும் காட்சி ஒன்று இருக்கிறது. மஞ்சள் பொத்தானை அழுத்தி ஒரு சாளரத்தைச் சுருக்குகிறார். கொஞ்ச நேரம் கழித்து கமாண்ட் + டேப் அழுத்தி அந்தச் செயலிக்கு வருகிறார். திரையின் மேலே மெனு மாறுகிறது, செயலியின் பெயர் அங்கே வருகிறது. சாளரம் மட்டும் வரவில்லை. இன்னொரு முறை அழுத்துகிறார், வேறு செயலிக்குப் போய்த் திரும்புகிறார். அதே கதைதான்.

கணினி சொன்னதைச் சரியாகவே செய்திருக்கிறது. நீங்கள் கேட்டது செயலியை, அது முன்னால் வந்துவிட்டது. சுருக்கிய தாளை எடுத்து விரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்கும் முறை இதுதான்: கமாண்டைப் பிடித்தபடி டேப்பைத் தட்டி அந்தச் செயலியின் ஐகானுக்கு வாருங்கள். கமாண்டை இன்னும் விடாதீர்கள். அதன் பக்கத்து விசையான ஆப்ஷனையும் சேர்த்துப் பிடியுங்கள். இப்போது கமாண்டை முதலில் விடுங்கள், பிறகு ஆப்ஷன். சுருக்கிய சாளரம் எழுந்து வரும். விடுகிற வரிசை மாறினால் வராது. பலர் ‘எனக்கு வேலை செய்யவில்லை’ என்று கைவிடுவது இந்த வரிசையில்தான்.

இதைவிட நல்லது சுருக்குவதையே நிறுத்திவிடுவது. மேக்கில் கமாண்ட் + ஹெச் செயலியை மறைக்கும். மறைத்த செயலிக்குக் கமாண்ட் + டேப்பில் வந்தால் சாளரங்கள் இருந்த இடத்திலேயே, இருந்த அளவிலேயே திரும்பத் தெரியும். ஆப்ஷன் + கமாண்ட் + ஹெச் முன்னால் இருப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறைக்கும். விண்டோஸில் இதற்கு நெருக்கமானது விண்டோஸ் விசை + ஹோம்: கையிலிருக்கும் சாளரம் தவிர மற்றவை சுருங்கிவிடும், மறுபடி அழுத்தினால் எல்லாம் திரும்பும்.

விண்டோஸில் சாளரம் காணாமல் போவதற்குக் காரணம் வேறு. இரண்டாவது மானிட்டரைக் கழற்றிய பிறகு ஒரு செயலியைத் திறக்கிறீர்கள். டாஸ்க்பாரில் ஐகான் இருக்கிறது, ஆல்ட் + டேப்பில் படமும் தெரிகிறது, திரையில் ஒன்றுமில்லை. பல செயலிகள் மூடும்போது தாங்கள் இருந்த இடத்தின் ஆயங்களைக் குறித்து வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை அதே இடத்தில் போய் நிற்கின்றன. அந்த இடம் இப்போது இல்லாத மானிட்டருக்குள் இருக்கிறது.

முதலில் ஆல்ட் + டேப்பில் அதைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் விசை + ஷிஃப்ட் + இடது அம்பு அழுத்திப் பாருங்கள். மானிட்டர் விட்டு மானிட்டர் நகர்த்தும் ஷார்ட்கட் அது. அதற்கு மசியாவிட்டால் ஆல்ட் + ஸ்பேஸ். சாளரத்தின் சிறிய மெனு திறக்கும், கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். அடுத்து எம் எழுத்து, அது நகர்த்துவதற்கான கட்டளை. பிறகு ஏதாவது ஓர் அம்பு விசையை ஒரே ஒரு தடவை. இந்த ஒரு தட்டலில்தான் சாளரம் மவுஸோடு ஒட்டிக்கொள்கிறது. இனி மவுஸை அசைத்தால் அது கூடவே வரும், இடம் பார்த்து கிளிக் செய்து இறக்கிவிடலாம். அம்பைத் தட்டாமல் மவுஸை அசைத்தால் நடக்காது. சாளரம் முழுத்திரை அளவில் இருந்தால் நகர்த்தும் கட்டளை மங்கலாக இருக்கும். அப்போது ஆல்ட் + ஸ்பேஸுக்குப் பின் முதலில் ஆர் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். எம், ஆர் இரண்டும் ஆங்கில மெனுவுக்கான எழுத்துகள். மெனு வேறு மொழியில் இருந்தால் எழுத்தும் மாறும்.

பக்கத்தில் பக்கத்தில் வைப்பது

திரையின் ஓரத்துக்கு இழுத்தால் சாளரம் பாதியாக ஒட்டிக்கொள்ளும் வசதி விண்டோஸ் 7-இல், 2009-இல் வந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11 அதைப் பல கட்டங்களாக விரித்தது. மேக்கில் இதே மாதிரி இழுத்து ஒட்டும் வசதி 2024-இல் செக்கோயா பதிப்பில்தான் வந்தது. அவ்வளவு காலம் மேக்காரர்கள் தனிச் செயலிகளை வைத்துச் சமாளித்தார்கள். பழைய பதிப்பில் இருப்பவர்களுக்கு ரெக்டாங்கிள் என்ற இலவசச் செயலி போதும். கண்ட்ரோல் + ஆப்ஷன் + இடது அம்பு அழுத்தினால் இடது பாதி. நிறுவியதும் அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்கும், அது இல்லாமல் வேறு செயலிகளின் சாளரங்களை அதனால் அசைக்க முடியாது.

செக்கோயாவில் எஃப்என் + கண்ட்ரோல் + இடது அம்பு இடது பாதி, வலது அம்பு வலது பாதி, எஃப் திரையை நிரப்பும், சி நடுவில் வைக்கும், ஆர் பழைய அளவுக்குத் திருப்பும். இழுக்கும்போது ஆப்ஷனைப் பிடித்தால் ஓரம் வரை போகாமலேயே கட்டம் காட்டும். ஒட்டிய சாளரங்களுக்கு நடுவே இடைவெளி விழுவது பிடிக்காவிட்டால் டெஸ்க்டாப், டாக் செட்டிங்கில் அதை அணைக்கலாம். ஒரு சிக்கல்: வேறு நிறுவனத்தின் கீபோர்டை இணைத்திருந்தால், மேக்குக்குப் புரிகிற எஃப்என் விசை அதில் இருக்காது, இந்த ஷார்ட்கட்கள் எதுவும் எடுபடாது. கீபோர்டு செட்டிங்கில் மாற்று விசைகள் (மாடிஃபயர் கீஸ்) பகுதிக்குப் போய், கேப்ஸ் லாக்கை எஃப்என்னாக மாற்றிவிட்டால் தீர்ந்தது. எப்படியும் அதை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை.

பச்சைப் பொத்தான் விண்டோஸின் பெரிதாக்கும் பொத்தான் போலத் தெரிந்தாலும் அது செய்வது வேறு. சாளரத்தைத் தனி ஸ்பேஸுக்கு (மேக்கில் கூடுதல் டெஸ்க்டாப்பை அப்படித்தான் சொல்வார்கள்) கொண்டுபோய் முழுத்திரையாக்கிவிடும். திரையை நிரப்பினால் மட்டும் போதும் என்றால் எஃப்என் + கண்ட்ரோல் + எஃப்.

விண்டோஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் விண்டோஸ் விசை + கீழ் அம்பைக் கவனமாகக் கையாள வேண்டும். முழு அளவுச் சாளரத்தில் அழுத்தினால் அது பழைய அளவுக்கு வரும். பாதித் திரையில் ஒட்டியிருந்தால் கீழ்க் கால்வாசிக்குப் போகும். சாதாரண அளவில் இருந்தால் சுருங்கி டாஸ்க்பாருக்குள் போய்விடும். ஒரே விசை, மூன்று விளைவு. இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அழுத்துவதுதான் வழி. விண்டோஸ் 11-இல் விண்டோஸ் விசை + இசட் அழுத்தினால் கட்ட அமைப்புகள் வரிசையாக வரும். ஒரு பக்கம் ஒட்டியதும் மறுபாதிக்கு எது வேண்டும் என்று கணினி கேட்பது தொல்லையாக இருந்தால் சிஸ்டம் செட்டிங்கில் மல்டிடாஸ்கிங் பகுதியில் அந்த ஒரு டிக்கை எடுத்துவிடலாம். அகலமான மானிட்டர் உள்ளவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் ஃபேன்ஸிஸோன்ஸ் இருக்கிறது: உங்களுக்கு வேண்டிய கட்டங்களை நீங்களே வரைந்து, ஷிஃப்டைப் பிடித்தபடி சாளரத்தை அதில் போடலாம். லினக்ஸின் இன்னொரு டெஸ்க்டாப் சூழலான கேடிஇ பிளாஸ்மாவிலும் 5.27 பதிப்பிலிருந்து இதே வசதி உண்டு. சூப்பர் + டி (T) கட்டங்களை வரையும் திரையைத் திறக்கும், இழுப்பதற்கு அங்கேயும் ஷிஃப்ட்தான்.

லினக்ஸில் மட்டும் கிடைக்கும் ஒரு சுகம் உண்டு. க்னோமிலும் பிளாஸ்மாவிலும் சூப்பரைப் பிடித்துக்கொண்டு சாளரத்தின் எந்த இடத்தில் மவுஸை வைத்து இழுத்தாலும் அது நகரும். மேல்பட்டையைத் தேட வேண்டியதில்லை. இதற்குப் பழகிய கை மற்ற இரண்டிலும் தவிக்கும்.

கண்ட்ரோலுக்கு இருந்த முந்தைய வேலை

இசட், எக்ஸ், சி, வி என்ற வரிசை 1980-களின் தொடக்கத்தில் ஆப்பிளின் லிசா கணினியிலிருந்து வருகிறது. வெட்டி ஒட்டும் முறையை வளர்த்த லாரி டெஸ்லர் அங்கே வேலை பார்த்தார். நான்கு எழுத்துகளும் கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருப்பதால் இடது கை ஒரே இடத்தில் நின்று எல்லாவற்றையும் செய்கிறது. விண்டோஸ் முதலில் ஐபிஎம் வகுத்த நெறியில் போனது: வெட்ட ஷிஃப்ட் + டெலிட், காப்பிக்குக் கண்ட்ரோல் + இன்சர்ட், ஒட்ட ஷிஃப்ட் + இன்சர்ட். பிறகு மேக்கின் எழுத்துகளை எடுத்துக்கொண்டு கண்ட்ரோலோடு சேர்த்தது. அந்தப் பழைய மூன்றும் விண்டோஸில் இன்றும் வேலை செய்கின்றன.

இந்த வரலாறு எதற்கு என்றால், கண்ட்ரோலுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் டெர்மினலில் கண்ட்ரோல் + சி என்றால் ஓடுகிற நிரலை நிறுத்து என்று பொருள். மேக்கில் காப்பி கமாண்டுக்குப் போனதால் மோதல் இல்லை: கமாண்ட் + சி காப்பி, கண்ட்ரோல் + சி நிறுத்தம். லினக்ஸில் இரண்டும் ஒரே விசைக்கு வந்து நிற்பதால் டெர்மினலில் மட்டும் காப்பி செய்யக் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + சி. புதியவர் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வழக்கம்போல் அழுத்தினால், அரை மணி நேரமாக ஓடிய வேலை நின்றுவிடும். ஷிஃப்ட் பழகிய பிறகு அதே கை பிரவுசரிலும் அப்படியே அழுத்தும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அது டெவலப்பர் கருவிகளைத் திறந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை, எஃப்12 அழுத்தினால் மூடிவிடும்.

விண்டோஸிலிருந்து மேக்குக்கு வந்தவர் எழுதும்போது நடப்பதைப் பாருங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க கண்ட்ரோல் + ஏ அழுத்துகிறார். கர்சர் பத்தியின் தொடக்கத்துக்குப் போய் நிற்கிறது. தேட கண்ட்ரோல் + எஃப் அழுத்துகிறார்; கர்சர் ஓர் எழுத்து வலப்பக்கம் நகர்கிறது. இணைப்புச் சேர்க்க கண்ட்ரோல் + கே அழுத்தினால் கர்சருக்கு வலப்பக்கம் இருந்த எழுத்தெல்லாம் வரி முடிவு வரை அழிந்துவிடுகிறது. கணினி பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். இவையெல்லாம் ஈமேக்ஸ் என்ற பழைய எடிட்டரின் விசைகள். மேக்கின் பெரும்பாலான எழுதும் பெட்டிகளில் அவை உள்ளேயே இருக்கின்றன. கண்ட்ரோல் + இ பத்தி முடிவு, என் அடுத்த வரி, பி (P) முந்தைய வரி, டி (D) வலப்பக்க எழுத்தை அழிக்கும். அழிந்ததைத் திரும்பக் கொண்டுவர கமாண்ட் + இசட். தவறி அழுத்தியதில் தொடங்கி விரும்பி அழுத்துவதில் முடிந்தவர்கள் பலர், ஏனென்றால் கை அம்பு விசைகளுக்குப் போகவே வேண்டியதில்லை.

எழுதுகிறவர்களுக்கு இன்னும் சில. விண்டோஸில் ஹோம், எண்ட் வரியின் இரு முனைகளுக்குப் போகும். மேக்கில் அவை பெரும்பாலும் ஆவணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும், கர்சர் இருந்த இடத்திலேயே இருக்கும். மேக்கில் வரி முனைக்குக் கமாண்ட் + இடது அல்லது வலது அம்பு, சொல் சொல்லாகத் தாவ ஆப்ஷன் + அம்பு. விண்டோஸிலும் லினக்ஸிலும் சொல்லுக்குக் கண்ட்ரோல் + அம்பு. எதிலும் ஷிஃப்டைச் சேர்த்தால் தாவும் தூரம் தேர்வாகும். ஒரு முழுச் சொல்லை அழிக்க விண்டோஸில் கண்ட்ரோல் + பேக்ஸ்பேஸ், மேக்கில் ஆப்ஷன் + டெலிட்.

ஃபைல்களில் ஒரு வித்தியாசம். மேக்கின் ஃபைண்டரில் என்டர் அழுத்தினால் ஃபைல் திறக்காது, பெயர் மாற்றக் கேட்கும். திறக்க கமாண்ட் + கீழ் அம்பு. வெட்டி ஒட்ட கமாண்ட் + எக்ஸ் உதவாது: கமாண்ட் + சி போட்டு, சேர வேண்டிய இடத்தில் ஆப்ஷன் + கமாண்ட் + வி அழுத்தினால் ஃபைல் நகர்ந்துவிடும்.

அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை

ஒரு ஷார்ட்கட் வேலை செய்யாதபோது எங்கே பார்ப்பது? நீங்கள் அழுத்தும் கூட்டை முதலில் கணினி அமைப்பு பார்க்கிறது. அதற்கு வேண்டாமென்றால் பின்னணியில் காத்திருக்கும் செயலிகள். அதற்கும் பிறகுதான் உங்கள் முன்னால் இருக்கும் செயலி. ஸ்கிரீன்ஷாட், கிளிப்போர்டு, வீடியோ கால் செயலிகள் பின்னணியில் இருந்தபடியே சில கூட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். பழைய கிராபிக்ஸ் டிரைவர்கள் சிலவற்றில் கண்ட்ரோல் + ஆல்ட் + கீழ் அம்பு திரையையே தலைகீழாக்கிவிடும். மேல் அம்போடு அதே கூட்டை அழுத்தினால் நிமிர்ந்துவிடும்.

லேப்டாப்பில் மேல் வரிசையும் சந்தேகத்துக்குரியது. ஆல்ட் + எஃப்4 அழுத்தினால் சாளரம் மூடாமல் ஒலியோ வெளிச்சமோ மாறினால், அந்த வரிசை மீடியா விசைகளாக அமைக்கப்பட்டிருக்கிறது. பல லேப்டாப்களில் எஃப்என் + எஸ்கேப் அதை மாற்றும். மேக்கில் கீபோர்டு செட்டிங்கில் எஃப்1, எஃப்2 விசைகளை வழக்கமான விசைகளாகப் பயன்படுத்தும் டிக் இருக்கிறது.

இரண்டு மொழிகளில் தட்டச்சு செய்யும் நமக்கு மொழி மாற்றமும் ஒரு பொறி. விண்டோஸ் விசை + ஸ்பேஸ், மேக்கில் கண்ட்ரோல் + ஸ்பேஸ், க்னோமில் சூப்பர் + ஸ்பேஸ். மேக்கில் அந்தக் கூட்டைப் நிரல் எழுதும் எடிட்டர்கள் பல சொல்லை நிரப்பித் தருவதற்கு வைத்திருக்கின்றன. இரண்டில் ஒன்றை நகர்த்தியாக வேண்டும்; மொழி மாற்றத்தை நகர்த்துவது சுலபம். விண்டோஸில் இடது ஆல்ட் + ஷிஃப்டும் மொழியை மாற்றும். ஆல்ட் + ஷிஃப்ட் + டேப் அழுத்திச் சாளரங்களில் பின்னோக்கிப் போக நினைத்த கை, டேப்பைத் தட்டாமல் விட்டுவிட்டால் கீபோர்டு சத்தமில்லாமல் தமிழுக்கு மாறியிருக்கும். அடுத்துப் பாஸ்வேர்டு அடிக்கும்போதுதான் தெரியவரும். அட்வான்ஸ்ட் கீபோர்டு செட்டிங்கில் மொழிக்கான ஹாட்கீ பகுதிக்குப் போய் அதை எடுத்துவிடலாம். அதே பக்கத்தில் ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் தனி மொழி வைக்கும் டிக்கும் இருக்கிறது. அதைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். சாட்டில் தமிழும் எடிட்டரில் ஆங்கிலமும் அப்படியே நிற்கும், சாளரம் மாறும்போது மொழியும் கூடவே மாறும். க்னோமிலும் மேக்கிலும் இதற்கு இணையான செட்டிங் உண்டு.

டெஸ்க்டாப்புகளும் வாரக் கணக்கும்

பல டெஸ்க்டாப் வசதியைப் பொறுத்தவரை மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பேன். எது எங்கே என்று தேடும் நேரம் மிச்சமாகும் நேரத்தைத் தின்றுவிடும். விண்டோஸில் விண்டோஸ் விசை + கண்ட்ரோல் + டி (D) புதிதாக ஒன்றைத் திறக்கும், டி-க்குப் பதில் அம்பு என்றால் மாறும். மேக்கில் கண்ட்ரோல் + அம்பு. மேக்கில் முதல் நாளே அணைக்க வேண்டிய செட்டிங் ஒன்று உண்டு: சமீபத்தில் பயன்படுத்தியதை வைத்து ஸ்பேஸ்களைத் தானாக வரிசை மாற்றுவது. அது இயங்கும் வரை மெயில் இரண்டாவதில் இருக்கிறது என்று கை கற்கவே முடியாது. டெஸ்க்டாப், டாக் செட்டிங்கின் அடியில், மிஷன் கண்ட்ரோல் பகுதியில் இருக்கிறது. அணைத்த பிறகு கண்ட்ரோல் + 1, 2, 3 ஷார்ட்கட்களை இயக்கிக்கொள்ளலாம்.

இடம் மாறாதபோதுதான் கை கற்கும். விண்டோஸில் விண்டோஸ் விசை + 1 டாஸ்க்பாரின் முதல் ஐகான், 2 இரண்டாவது. பிரவுசர், எடிட்டர், மெயில் என்று ஒரு வரிசையில் பின் செய்துவிட்டு அந்த வரிசையை மாற்றாதீர்கள். சில நாட்களில் ஆல்ட் + டேப்பில் தேடுவதே குறைந்துவிடும். க்னோமில் சூப்பர் + எண் அதே வேலையைச் செய்யும்.

முதல் வாரத்துக்கு எட்டு போதும்: செயலி மாற்றம், சாளர மாற்றம், மூடுவது, இடது பாதி, வலது பாதி, தேடித் திறப்பது, ஸ்கிரீன்ஷாட், மொழி மாற்றம். இவற்றை மட்டும் ஒரு சின்னத் தாளில் எழுதி மானிட்டரின் அடியில் ஒட்டுங்கள். இந்த எட்டில் ஒன்றுக்குக் கை மவுஸைத் தேடிப் போனால் நிறுத்தி, விசையில் செய்துவிட்டுத் தொடருங்கள். கை தாளைப் பார்க்காமலே செய்யும் வரியை அடித்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை எழுதலாம். மேக்கில் ஷிஃப்ட் + கமாண்ட் + சாய்கோடு அழுத்தினால் மெனுவுக்குள்ளேயே தேடலாம். கட்டளை எங்கே இருக்கிறது, அதற்கு என்ன ஷார்ட்கட் என்று இரண்டையும் காட்டும். ஷார்ட்கட் இல்லாத கட்டளைக்கு நீங்களே ஒன்று வைக்கலாம். மெனுவில் இருக்கும் பெயரை எழுத்து, இடைவெளி, புள்ளி பிசகாமல் கொடுக்க வேண்டும், ஒன்று மாறினாலும் வேலை செய்யாது.

இனி முழுதாக மாற்றி அமைக்கும் யோசனைக்கு வருவோம். மேக்கில் கண்ட்ரோலையும் கமாண்டையும் இடம் மாற்றினால் காப்பி பழைய மூலைக்கு வந்துவிடும், அது உண்மைதான். கூடவே செயலி மாற்றமும் அந்த மூலைக்குப் போகும், பிரவுசர் டேப் மாற்றம் கட்டைவிரலுக்கு வரும், டெர்மினலை நிறுத்துவதும் கட்டைவிரலுக்கு வரும். ஒன்றைச் சரிசெய்ய மூன்று இடம் பெயர்கிறது. அடுத்தவர் கணினியில் உட்கார்ந்தால் மறுபடி முதலிலிருந்து. உதவிக் கட்டுரையில் படிப்பது எதுவும் உங்கள் கீபோர்டுக்குப் பொருந்தாது. கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாகவோ எஸ்கேப்பாகவோ மாற்றுவது வேறு விஷயம். அதில் இழப்பு எதுவும் இல்லை. விண்டோஸில் அதற்குப் பவர்டாய்ஸின் கீபோர்டு மேனேஜர் இருக்கிறது, மேக்கில் மாற்று விசைகள் பகுதி.

கட்டாயம் மாற்ற வேண்டிய ஓர் இடமும் உண்டு. விண்டோஸ் கீபோர்டை மேக்கில் செருகினால் விண்டோஸ் விசை கமாண்டாகவும் ஆல்ட் ஆப்ஷனாகவும் வேலை செய்யும். ஆனால் விண்டோஸ் கீபோர்டில் ஸ்பேஸ்பாரை ஒட்டியிருப்பது ஆல்ட். ஆப்பிள் கீபோர்டில் கமாண்ட். லேப்டாப்பில் பழகிய கட்டைவிரல் வெளிக் கீபோர்டில் தினமும் ஒரு விசை தள்ளி விழும். மாற்று விசைகள் பகுதியின் மேலே எந்தக் கீபோர்டு என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கிறது. வெளிக் கீபோர்டைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் ஆப்ஷனையும் கமாண்டையும் இடம் மாற்றுங்கள். லேப்டாப்பின் கீபோர்டு அப்படியே இருக்கும், கட்டைவிரலுக்கு இரண்டிலும் ஒரே இடம்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் இன்னொரு கணினிக்குள் வேலை பார்ப்பவர்களுக்கு இரட்டைத் தொல்லை. ஆல்ட் + டேப் எந்தக் கணினிக்குப் போகிறது என்பது இணைப்பின் செட்டிங்கைப் பொறுத்தது. விண்டோஸ் ரிமோட் இணைப்பில் லோக்கல் ரிசோர்சஸ் டேபில் கீபோர்டு என்ற வரி இருக்கிறது. விசைக் கூட்டுகள் இந்தக் கணினிக்கா, அந்தக் கணினிக்கா, முழுத்திரையில் இருக்கும்போது மட்டும் அந்தக் கணினிக்கா என்று அங்கே சொல்லிவிடலாம். மூன்றாவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். முழுத்திரை இல்லாதபோது உள்ளே இருக்கும் சாளரங்களை மாற்ற ஆல்ட் + பேஜ் அப். உள்ளே கண்ட்ரோல் + ஆல்ட் + டெலிட் வேண்டுமென்றால் டெலிட்டுக்குப் பதில் எண்ட்.